பாரமும் பட்டையும்: வெண்பனியில் ஓடிய வண்டிகளின் கதை

அமெரிக்காவின் ஐடஹோ, மொன்டானா மாநிலங்களிலும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் குளிர்காலத்தில் மலையேறுவோரிடையே ‘ஸ்நோ பைக்’ என்றொரு வண்டி 2010ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து பரவியிருக்கிறது. அடிப்படையில் அது மண்பாதைகளில் ஓடும் மோட்டார் சைக்கிள்தான். பனிக்காலம் வந்ததும் அதன் முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஒரு ஸ்கீயையும், பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு நீண்டு சுழலும் ஒரு ரப்பர்ப் பட்டையையும் பொருத்துகிறார்கள். புல்டோசரிலும் போர் டாங்கியிலும் இரும்பில் நாம் காண்பதை இங்கே ரப்பரில் காண்கிறோம். ஆங்கிலத்தில் ‘டிராக்’ எனப்படும் இதனைப் பட்டை என்றே இக்கட்டுரையில் குறிப்போம்.

இவ்வண்டியை வாங்கச் செல்பவர் முன் பெரும்பாலும் மூன்று நீளங்கள் வைக்கப்படுகின்றன: 120 அங்குலம், 129 அங்குலம், 137 அங்குலம். எதைத் தேர்வது என்று கேட்டால் முதலில் வரும் எதிர்க்கேள்விகளுள் ஒன்று, ‘உங்கள் எடை என்ன?’ என்பது. பருத்த உடலினர் சற்றுத் தயங்கி விடை சொல்லும் கேள்வி இது. பேருந்திலோ ரயிலிலோ ஏறுகிறவரிடம் எவரும் இதைக் கேட்பதில்லை. வெண்பனியில் ஓடும் வண்டிகளின் வரலாற்றிலும் நெடுங்காலம் இக்கேள்வி எழவில்லை. பின் எப்போது எழுந்தது? ஏன் எழுந்தது? ஒரு பொருளை வாங்கும் நடைமுறைக் கேள்விக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டின் கதை இருக்கிறது. அதைத் தொடர்ந்து சென்றால் நடைமுறைக் கேள்விக்கும் தெளிவான விடை கிடைக்கும் என்று நாம் கருதுகிறோம்.

பனி என்னும் தரை

முன்பனி, பின்பனி என்று நம் இலக்கணம் பருவம் பிரித்த பனி புல்நுனியில் தங்குவது. வெயில் ஏறினால் மறைவது. நாம் இங்கே பேசுவது ஆள் உயரத்துக்கும் மேலாகக் குவிந்து மாதக்கணக்கில் கிடக்கும் வெண்பனி. புதிதாக விழுந்த உலர்ந்த பனியில் ஒரு கனமீட்டரின் எடை ஏறத்தாழ 50 முதல் 100 கிலோ வரைதான். அதே அளவு நீரின் எடை 1,000 கிலோ. அதாவது, அப்பனியில் பெரும்பகுதி காற்று. கண்ணுக்குத் தரையாகத் தோன்றும் அது காலுக்குத் தரையாவதில்லை.

எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைக் காலை ஊன்றும்போது, அவருடைய காலணியின் அடிப்பரப்பை 40 சதுர அங்குலம் என்று கொண்டால், ஒவ்வொரு சதுர அங்குலத்தின் மேலும் 1,750 கிராம் அழுத்துகிறது. அதே மனிதர் 200 சதுர அங்குலப் பரப்புள்ள ஒரு சட்டகத்தைக் காலில் கட்டிக்கொண்டால் அழுத்தம் 350 கிராமாகக் குறைந்துவிடும். உடலின் எடையில் ஒரு கிராமும் குறையவில்லை. அதைப் பகிர்ந்துகொள்ளும் இடம் மட்டுமே கூடியது. பனிப்பயணத்தின் தொழில்நுட்பம் முழுவதற்கும் இதுவே வேர்.

இதை மனிதன் மிகப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தான். கிரேக்கத்தின் செனஃபன் தம் ‘அனபசிஸ்’ நூலில், கி.மு. 401-400 குளிர்காலத்தில் ஆர்மீனிய மலைகளைக் கடந்தபோது அவ்வூரார் கற்பித்த ஓர் உபாயத்தைக் குறித்திருக்கிறார். குதிரைகளின் கால்களில் சிறு பைகளைக் கட்டிவிட வேண்டும். இல்லையேல் அவை வயிறுவரை பனியில் புதைந்துவிடும். சுவீடனின் கால்வ்த்ரெஸ்க் என்னுமிடத்தில் 1924ஆம் ஆண்டு கிடைத்த மரச் சறுக்குப் பலகைகள் ஏறத்தாழ 5,000 ஆண்டுப் பழமை உடையவை. வட அமெரிக்கப் பழங்குடி மக்களான கிரீ, இன்னு, ஒஜிப்வே முதலியோர் மரச்சட்டத்தில் தோல்வாரைப் பின்னிப் பனிக்காலணி செய்தனர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் எல்லா இடத்துக்கும் ஒரே வடிவத்தைச் செய்யவில்லை. திறந்த வெளிகளில் நெடுந்தொலைவு நடப்பதற்கு நீண்ட காலணி. மரங்கள் நெருங்கிய காட்டில் திரும்பி வளைந்து நடப்பதற்குக் கரடிப்பாதம் போல் உருண்ட குட்டைக் காலணி. நீளம் தாங்கும், ஆனால் திரும்பவிடாது. குட்டை திரும்பும், ஆனால் அவ்வளவு தாங்காது. இன்றைய ஸ்நோ பைக் கடையில் நிகழும் உரையாடலின் பாதி இந்த இரண்டு காலணிகளுக்குள் அடங்கிவிட்டது.

எந்திரம் ஏறிய பனி

எந்திரம் வந்தபின் முதலில் எழுந்த சிக்கல் மனிதனின் எடை அன்று, மரத்தின் எடை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் வாட்டர்வில் நகரைச் சேர்ந்த ஆல்வின் லொம்பார்ட், வெட்டிய மரங்களைப் பனிப்பாதைகளில் இழுத்துவர ஒரு நீராவி எந்திரத்துக்கு 1901ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். பார்வைக்கு ரயில் எஞ்சின் போன்றது. பின்புறத்தில் சக்கரங்களுக்குப் பதிலாக இரும்புப் பட்டைகள். முன்புறத்தில் சறுக்குக் கட்டைகள். கொதிகலனுக்கு முன்னால், காற்றும் பனியும் முகத்தில் அறைய உட்கார்ந்து ஒருவர் அதைத் திருப்பிச் செல்வார். எண்பதுக்கு மேற்பட்ட எந்திரங்கள் செய்யப்பட்டன. அவற்றுக்கு முன்னே அமர்ந்தவர் ஐம்பது கிலோவா நூறு கிலோவா என்பது யாருக்கும் ஒரு பொருட்டாக இருந்திருக்க முடியாது.

பத்தாண்டு கழித்து இராபர்ட் ஸ்காட்டின் தென்துருவப் பயணக்குழு மூன்று மோட்டார்ச் சறுக்குவண்டிகளை அண்டார்டிகாவுக்குக் கொண்டுசென்றது. ஒன்று, 1911 ஜனவரியில் கப்பலிலிருந்து இறக்கும்போதே பனிப்பாளம் உடைந்து கடலுக்குள் போயிற்று. மற்ற இரண்டும் அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் தெற்கு நோக்கிப் புறப்பட்டுச் சில நாள்களிலேயே எந்திரம் சூடேறிப் பழுதாகி நின்றன. தோற்றது எந்திரம், பட்டைகள் தம் வேலையைச் செய்தன. அதே பயணத்தில் குதிரைகளுக்கென்று பனிக்காலணிகளும் கொண்டுசெல்லப்பட்டிருந்தன. ஆயினும் 1911 தொடக்கத்தில் உணவுக் கிடங்குகள் அமைக்கச் சென்றபோது அவற்றுள் பெரும்பாலானவை முகாமிலேயே விடப்பட்டன. குதிரைகள் பனியில் புதைந்து திணறின. செனஃபனுக்கு ஆர்மீனிய ஊரார் சொல்லிக்கொடுத்த பாடம் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் கைக்கெட்டும் தொலைவில் கிடந்தும் பயன்படாமல் போனதை நினைக்க வியப்பாக இருக்கிறது.

இரும்புப் பட்டை கனமானது, வேகத்துக்கு உதவாதது. அதை வளையும் பொருளால் செய்யலாம் என்று காட்டியவர் பிரெஞ்சுக்காரரான அடோல்ஃப் கெக்ரெஸ். ரஷ்யாவில் ஜார் மன்னர் இரண்டாம் நிக்கோலாஸின் மோட்டார் வண்டிகளைப் பராமரித்த அவர், பனியில் அவை ஓடுவதற்காகப் பின்சக்கரங்களின் இடத்தில் வளையும் பட்டைகளைப் பொருத்தினார். 1917 புரட்சிக்குப் பின் அவர் பிரான்சுக்குத் திரும்பினார். ஆனால் அவருடைய பட்டைகள் ரஷ்யாவில் தங்கிவிட்டன. லெனின் பயன்படுத்திய ரோல்ஸ் ராய்ஸ் ஒன்று அத்தகைய பட்டைகளுடன் கோர்க்கி லெனின்ஸ்கியே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரான்சில் சிட்ரோயன் நிறுவனம் அதே முறையில் செய்த வண்டிகள் 1922 டிசம்பரில் புறப்பட்டு 1923 ஜனவரியில் சகாராவைக் கடந்து திம்புக்டுவை அடைந்தன. பனிக்கென்று பிறந்த பட்டை மணலிலும் மிதந்தது. இரண்டுக்கும் கணக்கு ஒன்றே.

வால்கூர் ஊரின் பட்டறை

நம் கதையின் நடு இடம் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் உள்ள வால்கூர் என்னும் சிற்றூர். ஜோசப்-அர்மான் பொம்பார்டியே 1907 ஏப்ரல் 16 அன்று அங்கே பிறந்தார். 1922ஆம் ஆண்டின் இறுதியில், பதினைந்து வயதில், ஃபோர்டு எஞ்சினையும் மர விசிறி ஒன்றையும் சறுக்குவண்டியில் பொருத்தி ஊருக்குள் ஓட்டிக்காட்டினார். வெளியே சுழலும் விசிறியின் ஆபத்தைக் கண்ட தந்தை அதை அப்போதே பிரித்துப்போடச் சொன்னார். அவ்வண்டியில் பட்டை இல்லை. 1926ஆம் ஆண்டு சொந்தமாக மோட்டார்ப் பட்டறை வைத்த பின்னர், கோடையில் பழுதுபார்ப்பும் குளிர்காலத்தில் பனிவண்டி ஆராய்ச்சியுமாக அவருடைய நாள்கள் கழிந்தன.

அக்காலத்துக் கியூபெக் கிராமங்களில் குளிர்காலச் சாலை என்று ஒன்று இல்லை. பனி மூடினால் மோட்டார் வண்டியைக் கொட்டிலில் ஏற்றி வைத்துவிட்டுக் குதிரைச் சறுக்குவண்டிக்குத் திரும்ப வேண்டியதுதான். 1934ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் பொம்பார்டியேயின் இரண்டு வயது மகன் இவோனுக்குக் குடல்வால் அழற்சி கண்டது. அறுவைச் சிகிச்சைக்கான மருத்துவமனை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் ஷெர்புரூக் நகரில் இருந்தது. சாலைகள் பனியில் மூடிக் கிடந்தன. பட்டறையில் இருந்த சோதனை வண்டி எதுவும் அப்பயணத்துக்கு ஆயத்தமாக இல்லை. குழந்தை இறந்தது.

இம்மரணமே பனிவண்டிக்குக் காரணம் என்று எழுதுவது எளிது. அது முழு உண்மையன்று. அவருடைய முயற்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. ஆனால் அதற்குப் பின்வந்த மூன்று ஆண்டுகளில் அவ்வேலையின் திசை தெளிவடைந்தது என்பதைக் காண்கிறோம். ரப்பர் பூசிய பல்சக்கரமும், அது இழுத்துச் சுழற்றும் ரப்பர்-பருத்திப் பட்டையும் கொண்ட அமைப்பை அவர் உருவாக்கினார். 1937ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஏழு பேர் செல்லும் ‘பி7’ வண்டி முதலில் வந்தது. பன்னிரண்டு பேர் செல்லும் ‘பி12’ 1940களில் வந்தது. வட்ட வட்டச் சாளரங்களுடன் படகு போலிருந்த இவ்வண்டிகள் மருத்துவரையும், நோயாளியையும், அஞ்சலையும், பள்ளிக் குழந்தைகளையும் சுமந்து சென்றன.

இரண்டு வயதுக் குழந்தையின் எடை எந்த வண்டிக்கும் ஒரு சுமையன்று. தாங்குவதற்கு ஒன்றும் இல்லாமற்போனதுதான் 1934இன் துயரம். அதற்கு விடையாக வந்த வண்டிகள் எல்லோரையும் சேர்த்துத் தாங்குவதாக அமைந்தன. பன்னிரண்டு பேரில் ஒருவர் நாற்பது கிலோ கூடுதலாக இருந்தால் அவ்வெடை ஊர் முழுமைக்குமான பாரத்தில் கரைந்துவிடும். பயணியின் எடையைக் கேட்கவேண்டிய தேவையே அந்த வண்டிக்கு எழவில்லை.

ஊர் வண்டியிலிருந்து தனியாள் வண்டிக்கு

1948ஆம் ஆண்டு கியூபெக் அரசு கிராமச் சாலைகளிலும் பனியை அகற்ற ஏற்பாடு செய்தது. மக்களுக்கு அது பெரும் நன்மை. பொம்பார்டியேயின் நிறுவனத்துக்கோ பேரிடி. பயணிகள் பனிவண்டியின் விற்பனை பெரிதும் சரிந்தது. அவர் காடு, சுரங்கம், எண்ணெய்த் தொழில்களுக்கான வண்டிகள் பக்கம் திரும்பினார். 1953ஆம் ஆண்டு வந்த ‘மஸ்கெக்’ டிராக்டர் சதுப்பு நிலங்களில் ஓடுவதற்கென்று அகன்ற பட்டைகளுடன் செய்யப்பட்டது.

தனியாளுக்கான வண்டி என்னும் எண்ணம் வேறிடங்களில் முன்பே முளைத்திருந்தது. விஸ்கான்சின் மாநிலத்தின் சேனர் ஊரில் கார்ல் எலியசன் 1924ஆம் ஆண்டு படகு எஞ்சினைக் கொண்டு ஒரு மோட்டார்ச் சறுக்குவண்டி செய்தார். அவருக்குக் காலில் ஊனம். வேட்டைக்குச் செல்லும் நண்பர்களுடன் பனிக்காலணி அணிந்து நடக்க முடியாதிருந்தது. தன் உடலுக்கு ஏற்றபடி ஒரு வண்டியைச் செய்துகொண்ட முதல்வர்களுள் ஒருவராக அவரை நாம் கொள்ளலாம்.

பொம்பார்டியே 1959ஆம் ஆண்டு ‘ஸ்கீ-டூ’ என்ற சிறு வண்டியை வெளியிட்டார். ஒரே அகன்ற ரப்பர்ப் பட்டை. முன்னால் இரண்டு ஸ்கீகள். நடுவே மோட்டார் சைக்கிள் போல் இருக்கை. முதல் வண்டிகளுள் ஒன்று வட ஒன்டாரியோவில் பழங்குடியினரிடையே பணிபுரிந்த மோரிஸ் வீமே என்னும் பாதிரியாரிடம் சென்றது. தனித்து நெடுந்தொலைவு செல்லும் பாதிரியாருக்கும் வேட்டைக்காரருக்கும் எனக் கருதப்பட்ட வண்டி சில ஆண்டுகளில் விளையாட்டு வண்டியாயிற்று. பொம்பார்டியே 1964 பிப்ரவரியில் காலமானார். அதன் பெரும்பெருக்கத்தைப் பார்க்க அவர் இருக்கவில்லை.

இந்தத் திருப்பத்தில்தான் நம் கேள்வியின் பிறப்பு இருக்கிறது. வண்டி தனியாளுடையதானதும் அவருடைய உடல் வண்டியின் பாரத்தில் பெரும்பங்கு ஆனது. ஆழ்பனி மலைகளுக்கென ஸ்நோமொபைல்களின் பட்டைகள் நீளத் தொடங்கின. 120 அங்குலத்தை ஒட்டியது பொதுவழக்காக இருந்த நிலைமாறி, 1990களில் 136 அங்குலம் மலைக்குரிய நீளமாகக் கருதப்பட்டது. இன்றைய மலைவண்டிகளில் 154, 165, 174 என்ற அளவுகள் வழக்கிலுள்ளன.

ஸ்நோ பைக் இவ்வரிசையின் கடைக்குட்டி. 1979ஐ ஒட்டி கிரைஸ்லர் நிறுவனம் ‘ஸ்நோ-ரன்னர்’ என்ற ஒற்றைத்தட வண்டியை விற்றது. இறுகிய பனியில் ஓடினாலும் ஆழ்பனிக்கு அது ஏற்றதாக இல்லை. பின்னர் ஐடஹோவின் சாண்ட்பாயின்ட் நகரில் ஆலன் மாங்கம் தொடங்கிய ‘டிம்பர்ஸ்லெட்’, மண்பாதை மோட்டார் சைக்கிளில் பொருத்தும் பட்டைத் தொகுதியைப் பலரிடம் கொண்டு சேர்த்தது. போலாரிஸ் நிறுவனம் 2015ஆம் ஆண்டு அதை வாங்கிக்கொண்டது. ஸ்நோமொபைலின் பட்டை 15 அல்லது 16 அங்குல அகலமுடையது. ஸ்நோ பைக்கின் பட்டையோ ஏறத்தாழ 11 அங்குலம்தான். அகலத்தைக் கூட்டினால் மோட்டார் சைக்கிள் போல் சாய்ந்து திரும்பும் இயல்பு கெட்டுவிடும். ஆகவே கூட்டுவதற்கு எஞ்சியிருப்பது நீளம் ஒன்றே.

கணக்கு சொல்வது

இப்போது கடைக்காரரின் கேள்விக்கு வருவோம். 120, 129, 137 என்பவை பட்டையின் முழுச் சுற்றளவுகள். பனியைத் தொடும் நீளம் அன்று. சுற்றி வரும் பட்டையை 17 அங்குலம் நீட்டினால் அதில் பாதி மேலே போகிறது. பாதிதான் கீழே சேர்கிறது. ஆக 120லிருந்து 137க்குச் சென்றால் பனிமேல் கிடைப்பது எட்டரை அங்குலமே. இதை அறியாதவர் எண்களைப் பார்த்து மிகுதியாக எதிர்பார்த்துவிடுவார்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு போடலாம். வண்டியின் எடை 150 கிலோ என்றும், 120 அங்குலப் பட்டையில் ஆழ்பனியைத் தொடும் நீளம் 45 அங்குலம் என்றும் கொள்வோம். முன் ஸ்கீ தாங்கும் பங்கை ஒதுக்கிவைப்போம். உடை, முதுகுப்பையுடன் 70 கிலோ உள்ளவர் ஏறினால் மொத்தம் 220 கிலோ. பரப்பு 495 சதுர அங்குலம். ஒரு சதுர அங்குலத்துக்கு 444 கிராம். நடந்து செல்பவரின் ஒற்றைக்கால் அழுத்தத்தில் இது நான்கில் ஒரு பங்குதான். அதே வண்டியில் 110 கிலோ உள்ளவர் ஏறினால் 525 கிராம். அவருக்கு 137 அங்குலப் பட்டையைப் பொருத்தினால் தொடும் நீளம் 53.5 அங்குலம், அழுத்தம் 442 கிராம். மெலிந்தவர் 120இல் பெறும் மிதப்பையே பருத்தவர் 137இல் பெறுகிறார். இடைப்பட்ட 90 கிலோவினருக்கு 129 அங்குலப் பட்டை அதே அளவைத் தருகிறது. நீண்ட தொகுதியின் சொந்த எடை சில கிலோ கூடும் என்பதால் இது நுண்கணக்கு அன்று. ஆயினும் திசையைக் காட்டப் போதும்.

இக்கணக்கில் இன்னொன்றும் தெரிகிறது. இரண்டாமவர் முதலாமவரைவிட ஏறத்தாழ 57 விழுக்காடு கூடுதல் எடை உள்ளவர். ஆனால் பனி உணரும் வேறுபாடு 18 விழுக்காடுதான். பனி மனிதனை நிறுப்பதில்லை. மனிதனும் வண்டியும் சேர்ந்த மொத்தத்தை நிறுக்கிறது. பருத்தவர் தம் உடலைப் பற்றி எண்ணிக்கொள்ளும் அளவுக்குப் பனி அவரைப் பெரியவராக எண்ணுவதில்லை.

எனவே எடை மட்டும் நீளத்தைத் தீர்மானிக்காது. எந்தப் பனியில் ஓட்டுகிறோம் என்பது அதற்கு இணையான கேள்வி. காற்று அடித்து இறுகிய பனியின் அடர்த்தி கனமீட்டருக்கு 300 கிலோவையும் தாண்டும். அங்கே 110 கிலோ உடையவரும் 120 அங்குலத்தில் தயக்கமின்றிச் செல்லலாம். ராக்கி மலைத்தொடரின் உட்பகுதிகளில் விழும் உலர்ந்த ஆழ்பனியில் மெலிந்தவருக்கும் நீண்ட பட்டை வேண்டியிருக்கும். மரங்கள் நெருங்கிய சரிவுகளில் நீளம் திரும்புதலைத் தடுக்கும். கரடிப்பாதக் காலணி செய்தவர்கள் அறிந்த உண்மை அது. நீண்ட பட்டையைச் சுழற்ற எஞ்சினுக்கும் கூடுதல் வலு வேண்டும். சாதாரண எஞ்சின் ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் ஏறத்தாழ 3 விழுக்காடு வலுவை இழப்பதால், 10,000 அடியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். சிறிய எஞ்சினில் நீண்ட பட்டையைப் பொருத்திப் பெரிய உடலையும் ஏற்றினால் மிதக்கும் வண்டி ஏறாமற்போகலாம்.

பலர் மறப்பது வில்லை. பட்டைத் தொகுதியின் அதிர்வுதாங்கி வில் சராசரி எடைக்கு அமைக்கப்பட்டு வருவது. எடை கூடியவர் அமர்ந்தால் பின்புறம் அமிழும்; முன் ஸ்கீ எழும்பிப் பிடிமானத்தை இழக்கும்; பட்டையின் பின்முனை பனியில் பள்ளம் பறிக்கும். இதை நீளக் குறைவு என்று தவறாக எண்ணி, இருக்கும் பட்டையை விற்று நீண்டதை வாங்குவோர் உண்டு. முதலில் வில்லை இறுக்கிப் பார்க்க வேண்டும். போதாவிடில் கடினமான வில்லை மாற்ற வேண்டும். அதன் பிறகும் வண்டி புதைந்தால் நீளத்தைப் பற்றி யோசிக்கலாம். செலவிலும் அதுவே முறையான வரிசை.

இவ்வளவையும் தொகுத்து நோக்கினால், நூறு கிலோவுக்கு மேற்பட்டவர் ஆழ்பனி மலைகளில் ஓட்டுவதாக இருந்தால் 137 அங்குலமும் வலுவான எஞ்சினும் கடினமான வில்லும் ஒருசேரக் கொள்வது தக்கது. காட்டுப் பாதைகளிலும் இறுகிய பனியிலும் மட்டும் ஓட்டுபவர் எந்த எடையினராயினும் 129க்கு மேல் செல்லத் தேவை குறைவு.

‘உங்கள் எடை என்ன?’ என்னும் கேள்வி ஒருவருடைய உடலின் மீதான தீர்ப்பன்று என்பதை இவ்வரலாறு நமக்குச் சொல்கிறது. வண்டி சிறுத்துச் சிறுத்துத் தனியாளுடையதாக ஆனதன் விளைவு அது. வால்கூரில் பொம்பார்டியேயின் பழைய பட்டறையைத் தன்னுள் கொண்ட அருங்காட்சியகம் ஒன்று இன்று இருக்கிறது. வட்டச் சாளரங்கள் கொண்ட அவருடைய வண்டிகளின் படங்களைப் பார்க்கும்போது, அவற்றில் ஏறியவர்கள் எத்தனை கிலோ என்று நமக்குத் தோன்றுவதில்லை. அவர்கள் எங்கே போய்ச் சேர வேண்டியிருந்தது என்றுதான் தோன்றுகிறது.